கர்ப்பப்பைய எடுக்கச் சொல்லிட்டாங்க, உடனே எடுத்துரலாமா? பாம்பன் பக்கமிருந்து ஒரு கேள்வி

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 43 வயசு. பாம்பன் பக்கம் கடலோர ஊரு, பாசி எடுக்கப் போவேன், வீட்டுக்காரரு தொழிலுக்குப் போறாரு. மூத்த பிள்ளைக்கு 13 வயசு, அடுத்தவன் பையன். ஒரு வருசமா வெள்ளபடுது, அவரோட சேந்தா ரத்தம் படுது, தீட்டு நிக்கிற வயசுதானேன்னு விட்டுட்டேன். இப்ப சதை எடுத்து டெஸ்ட் பண்ணி கர்ப்பப்பை வாயில கேன்சர்னு சொல்லிட்டாங்க. அடுத்த வாரமே லேப்ராஸ்கோப்ல கர்ப்பப்பைய எடுத்துரலாம், சின்ன ஓட்டைதான், மூணு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்னு ஒரு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. கத்தி பட்டா பரவிரும்னு மாமியா சொல்றாங்க. அவரு எதுவுமே பேச மாட்டேங்கிறாரு. எடுத்துட்டா நான் பழையபடி இருப்பனா, கடலுக்குப் போக முடியுமா?

பதில்: தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். ஒரு கேன்சர் ஆஸ்பத்திரியில காட்டி ஸ்டேஜ் என்னன்னு, அதாவது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு, எழுத்துல வாங்குற வரைக்கும் எந்த ஆபரேசனுக்கும் கையெழுத்து போடாதீங்க. பயமுறுத்த சொல்லல. இந்த நோய்ல நிறைய பேருக்கு நடக்குற நஷ்டம் இந்த இடத்துலதான் நடக்குது, ரத்தம் படுதுன்னு போனதும் கர்ப்பப்பைய எடுத்துட்டு அனுப்பிர்றாங்க, அப்புறம் ரிப்போர்ட் வந்து பாத்தா கேன்சர் இன்னும் உள்ள தள்ளி இருக்கு, இதுக்கு இந்த ஆபரேசனே பத்தாதுன்னு தெரியுது, அப்ப அந்தம்மா ஆபரேசன் புண்ணோடயே ரேடியேசனுக்கும் போகணும், ரெண்டோட கஷ்டமும் சேந்து ஒரே உடம்புல.

கர்ப்பப்பைய எடுக்குறதுன்னா எல்லாம் ஒரே ஆபரேசன்னு நினைக்காதீங்க. கட்டிக்கு, பெரும்போக்குக்கு எடுக்குறது சாதா ஆபரேசன், பையும் அதோட வாயும் மட்டும் போகும். கேன்சருக்குப் பெரும்பாலும் பண்ணுறது ராடிக்கல்னு சொல்லுவாங்க, பைய சுத்தி ரெண்டு பக்கமும் இருக்குற சதை, பிறப்புறுப்போட மேல்பகுதி கொஞ்சம், இடுப்புக்குள்ள இருக்குற நெறிகட்டிங்க (நிணநீர் முடிச்சுங்க) எல்லாம் சேத்து எடுக்கணும். பாசிய மேலாக்க கிள்ளுறதுக்கும் ஒட்டியிருக்குற கல்லோட பேத்து எடுக்குறதுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்ல, அந்த மாதிரி. இதப் பண்ண கேன்சர் ஆபரேசன்ல பழகுன கை வேணும்.

உங்களுக்கு எது வேணும்ங்கிறது ஸ்டேஜ வச்சுத்தான். மைக்ராஸ்கோப்ல மட்டும் தெரியுற அளவு, 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளன்னா சாதா ஆபரேசனே போதும். 2 சென்டிமீட்டருக்குள்ள, ரொம்ப ஆழமாவும் போகாம இருந்தா அதுலயும் சிலருக்கு சாதா ஆபரேசன் பத்தும்னு 2024ல வந்த பெரிய ஆய்வு ஒண்ணு சொல்லுது, ஆனா நெறிகட்டியையும் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க. மத்தபடி 4 சென்டிமீட்டர் வரைக்கும் கர்ப்பப்பை வாயிலயே நின்னுச்சுன்னா ராடிக்கல். 4க்கு மேல போயிருச்சு, இல்ல பக்கத்து சதைக்கு, நெறிகட்டிக்குப் பரவிருச்சுன்னா அப்ப ஆபரேசனே கிடையாது, ரேடியேசனும் வாரம் ஒரு தடவ சிஸ்பிளாட்டின்னு ஒரு கீமோ ஊசியும்தான், கூடவே உள்ள வச்சு குடுக்குற ரேடியேசன். ஆபரேசன் இல்லைன்னு சொன்னா கைவிட்டுட்டாங்கன்னு தயவுசெஞ்சு நினைச்சுராதீங்க, அந்த ஸ்டேஜுக்கு அதுதான் குணமாக்குற வைத்தியம். ஆரம்ப ஸ்டேஜுன்னா பத்துல எட்டு ஒம்போது பேர் அஞ்சு வருசம் தாண்டி நல்லா இருக்காங்க.

ஸ்டேஜ் பாக்க டாக்டர் கீழ முன்பக்கமும் பின்பக்கமும் விரல் விட்டுப் பாப்பாங்க, கூச்சமாத்தான் இருக்கும், ஆனா பக்கத்து சதைக்குப் போயிருக்கான்னு கையிலயே தெரியும், வேணாம்னு சொல்லாதீங்க. லேடி டாக்டர், இல்லேன்னா கூட ஒரு நர்ஸ் நிக்கணும்னு நீங்க கேக்கலாம். அப்புறம் இடுப்புக்கு எம்ஆர்ஐ. இதுல நம்ம பக்கம் ஒரு பிரச்சன வரும், மெசினுக்குள்ள போகும்போது தாலிச்செயின், மெட்டி, தோடு எதுவும் இருக்கக்கூடாது. கழட்ட மாட்டேன்னு அங்க நின்னு அழுது, டைம் போயி, இன்னொரு நாள் வாங்கன்னு திருப்பி அனுப்புனதெல்லாம் உண்டு. முதல் நாளே வீட்டுல வச்சு வெறும் மஞ்சக்கயிறுக்கு மாத்திக்கிட்டுப் போயிருங்க, மாமியாகிட்டயும் அப்பவே சொல்லிருங்க. பயாப்சி, அதான் சதை எடுத்துப் பண்ணுன டெஸ்ட், அதோட ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது, உங்க சதைய வச்ச கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் லேப்ல கேட்டு வாங்குங்க, பெரிய ஆஸ்பத்திரியில திரும்பப் பாப்பாங்க. அது உங்க சதை, கேட்டா குடுக்கணும்.

இதுக்கெல்லாம் ரெண்டு வாரம் போயிருமேன்னு பயப்படாதீங்க. இந்த நோய் வருசக்கணக்கா வளந்து வந்தது, சரியான வைத்தியத்த தேர்ந்தெடுக்க ரெண்டு வாரம் போறதுல ஒண்ணும் ஆகாது. ஆனா நேர்ச்சை முடியட்டும், திருவிழா முடியட்டும், நாட்டு மருந்து ஒரு மண்டலம் சாப்பிட்டுப் பாப்போம்னு மாசக்கணக்கா இழுத்தா ஸ்டேஜ் மாறிரும். சாமி கும்பிடுறத யாரும் தடுக்கல, கும்பிட்டுக்கிட்டே வண்டி ஏறுங்க.

லேப்ராஸ்கோப் விசயத்துக்கு வர்றேன், உங்க கேள்வியில என்னைய ரொம்ப யோசிக்க வச்சது இதுதான். சின்ன ஓட்டை, சீக்கிரம் வீடு, கேக்க நல்லாத்தான் இருக்கும், கட்டிக்கு எடுக்குறதுன்னா நானே அதத்தான் சொல்லுவேன். ஆனா கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு ராடிக்கல் பண்ணும்போது வயித்தத் தொறந்து பண்ணுனவங்களையும் ஓட்டை போட்டு பண்ணுனவங்களையும் பல நாட்டுல சேந்து ஒப்பிட்டுப் பாத்து 2018ல முடிவு வெளியிட்டாங்க. நாலரை வருசத்துல நோய் திரும்ப வராம இருந்தவங்க தொறந்து பண்ணுனதுல 96.5 சதவீதம், ஓட்டை போட்டதுல 86 சதவீதம். இறப்பும் ஓட்டை போட்டதுலதான் கூட. அதுக்கப்புறம் உலகம் பூரா ராடிக்கல்னா தொறந்து பண்ணுறதுதான் வழக்கமாயிருச்சு. அதனால உங்களுக்கு ராடிக்கல்தான்னு முடிவானா ஏன் லேப்ராஸ்கோப்னு நேராவே கேளுங்க. தழும்பு பெருசா இருக்கும், ஆஸ்பத்திரியில கூட நாளு இருக்கணும். இருந்துட்டுப் போகட்டும்.

கத்தி பட்டா, சதை எடுத்தா பரவும்ங்கிறது உண்மையில்ல. மாமியா தெரிஞ்ச யாரோ ஒருத்தருக்கு முத்துன அப்புறம் ஆபரேசன் பண்ணி, அப்புறம் இறந்திருப்பாங்க, அதப் பாத்து வந்த பேச்சு. கோவப்படாதீங்க, முடிஞ்சா அவங்களையே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

இன்னொண்ணு நீங்க கேக்கல, ஆனா வீட்டுக்காரரு பேசாம இருக்குறதுக்குப் பின்னாடி இது இருக்கலாம். இந்த கேன்சர் கிட்டத்தட்ட எல்லாமே எச்பிவிங்கிற வைரஸால வருது, அது சேர்க்கையில பரவுற வைரஸ். இதக் கேட்டதும் வீட்டுக்குள்ள சந்தேகம் ஆரம்பிச்சிரும், நீ எங்க போன, நான் எங்க போனேன்னு. அந்தப் பேச்சே வேணாம். கல்யாணம் ஆன முக்காவாசிப் பேருக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது இந்த வைரஸ் வந்து, பெரும்பாலும் ரெண்டு வருசத்துக்குள்ள தானா போயிரும், சிலருக்கு மட்டும் தங்கிரும், தங்கி கேன்சராக 15, 20 வருசம்கூட ஆகும். எப்ப வந்துச்சு, யார்கிட்டருந்து வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. நீங்களும் தப்பு பண்ணல, அவரையும் குத்தம் சொல்ல முடியாது. கேன்சர் அவருக்கு ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிடலாம், ஒரே பாயில படுக்கலாம். ஒரு தடவ டாக்டர் முன்னாடி அவர உக்கார வைங்க, பேசாத ஆம்பளைங்க அங்க வந்து அழுதுருக்காங்க, உள்ளுக்குள்ள பயந்துபோய்த்தான் இருந்திருப்பாங்க.

பழையபடி இருப்பனான்னு கேட்டீங்க. தீட்டு நின்னுரும், பிள்ளை பிறக்காது. மீசை முளைக்கும், குரல் மாறும்னு சொல்றதெல்லாம் கட்டுக்கதை. முக்கியமா கேக்க வேண்டியது சினைப்பையப் பத்தி. உங்க ரிப்போர்ட்ல ஸ்குவாமஸ்னு (இது கேன்சர்ல ஒரு வகை) போட்டுருந்து, ஆரம்ப ஸ்டேஜா இருந்தா 43 வயசுல ரெண்டு சினைப்பையையும் பெரும்பாலும் விட்டு வைக்கலாம். விட்டா ஹார்மோன் அப்படியே இருக்கும், திடீர்னு உடம்பு கொதிக்கிறது, தூக்கம் போறது, எலும்பு தேயுறது இதெல்லாம் இப்பவே வராது. என் சினைப்பைய விட முடியுமான்னு ஆபரேசனுக்கு முன்னாடி கேளுங்க, எடுத்த பெறகு கேட்டு பிரயோசனமில்ல. புருசன் பொண்டாட்டி உறவு திரும்ப முடியும். உள்தையல் நல்லா ஆறணும், டாக்டர் பாத்து சரின்னு சொல்ல ரெண்டு மூணு மாசம் ஆகும். உறுப்போட நீளம் கொஞ்சம் குறையும், வறட்சி இருக்கும், அதுக்கு ஜெல் இருக்கு, கூச்சப்படாம கேளுங்க.

ராடிக்கலுக்கு அப்புறம் மூத்திரப்பையோட நரம்பு கொஞ்ச நாள் மந்தமா இருக்கும், அதனால மூத்திர டியூப ஒரு வாரம், ரெண்டு வாரம்கூட விட்டு வைப்பாங்க. எடுத்த அப்புறமும் மூத்திரம் வர்ற உணர்வே தெரியாம இருக்கலாம், மணி பாத்து மூணு மணிநேரத்துக்கு ஒருக்க போங்க. வெத்தல போடும்போது புகையில சேக்குற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க, புண்ணு ஆறுறதுக்கு அது எதிரி. எடுத்த சதையோட ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வைத்தியம் முடிஞ்சிருச்சுன்னு நினைக்காதீங்க. நெறிகட்டியிலயோ ஓரத்துலயோ கேன்சர் இருந்தா ரேடியேசன் சேத்து குடுப்பாங்க. ரேடியேசன் ஆரம்பிச்சா நடுவுல ஒருநாளும் விடக்கூடாது. ஆபரேசன் இல்லாம அதுமட்டுமே வைத்தியம்னாலும் எல்லாம் சேத்து எட்டு வாரத்துக்குள்ள முடியணும்.

கடல். ஒரு மூணு மாசம் மறந்துருங்க. நனைஞ்ச பாசி மூட்டைய தூக்குறது, தண்ணிக்குடம் இடுப்புல வைக்கிறது ஆறிலிருந்து எட்டு வாரம் கூடவே கூடாது. அப்புறம் போகலாம், ஆனா ஒரு விசயம் வாழ்க்கை பூராவும் ஞாபகம் இருக்கணும். இடுப்பு நெறிகட்டிய எடுத்துட்டா கால்ல நீர் வடியுற பாதை குறைஞ்சிரும். மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும்போது பாறையிலயும் பவளக்கல்லுலயும் கால் கிழியாம யாரு வந்துருக்கா? முன்னாடி அது ஒண்ணுமில்ல, இனிமே அந்தச் சின்ன கீறல்ல கிருமி ஏறுனா கால் வீங்கி, செவந்து, காச்சல் வந்துரும். அதனால பழைய செருப்போட இறங்காதீங்க, பாதம் முழுக்க மூடுற ரப்பர் ஷூ, கணுக்கால் வரைக்கும் துணி. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில சோப்பு போட்டுக் கழுவி விரல் இடுக்கு வரைக்கும் பாருங்க. கால் சூடா, செவப்பா இருந்துச்சுன்னா காத்திருக்காம அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க.

எங்க போறதுன்னா, ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ்ல காட்டி அங்கருந்து லெட்டர் வாங்கி மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, கேன்சர் பிரிவு பாலரெங்காபுரத்துல இருக்கு. சென்னைன்னா அடையார் கேன்சர் இன்ஸ்டிட்யூட். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. அட்டை இல்லேன்னா விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு ரேசன் கார்டோட கலெக்டர் ஆபீஸ்ல எடுக்கலாம், சந்தேகம்னா 104க்கு போன் போடுங்க. ரயில்ல கேன்சர் வைத்தியத்துக்குப் போறவங்களுக்கு ஸ்லீப்பர்ல டிக்கெட் இலவசம், கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம் சலுகை, ஆஸ்பத்திரியில ஃபார்ம் கையெழுத்து வாங்கிக் குடுக்கணும். ராத்திரி தூக்கமே வராம, சாவு நினைப்பாவே இருந்தா 14416க்கு போன் போடுங்க, அது அரசோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க, காசு கட்ட வேணாம்.

கடைசியா உங்க 13 வயசு மக. அவளுக்கு எச்பிவி தடுப்பூசி போட இதுதான் சரியான வயசு. 2023லருந்து நம்ம நாட்டுலயே தயாரிச்ச செர்வாவேக் வந்திருச்சு, 14 வயசுப் பிள்ளைங்களுக்கு அரசே போடும்னு 2025 பட்ஜெட்ல தமிழ்நாட்டுல அறிவிச்சாங்க, உங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸம்மாகிட்ட விசாரிங்க. உங்ககூட பாசிக்கு வர்ற 30 வயசு தாண்டுன பொம்பளைங்களையும் கூட்டிட்டுப் போங்க, கர்ப்பப்பை வாய்ல அசிட்டிக் ஆசிட் தடவிப் பாக்குற டெஸ்ட் அங்கயே இலவசமா பண்ணுவாங்க, அஞ்சு நிமிசம்தான் ஆகும். எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்ததும் திரும்ப எழுதுங்க, ஸ்டேஜ் தெரிஞ்சா இன்னும் தெளிவா சொல்றேன்.