பின்னந்தலையைக் காட்டுங்கள்

கேள்வி: செம்பூரில் இருக்கிறேன். வயது 41, வங்கி வேலை. மனித உருவச் சிற்பம் கற்க ஆசைப்பட்டு ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதமாகக் களிமண்ணில் ஒரே தலையைச் செய்து, கலைத்து, திரும்பச் செய்கிறேன். எனக்குக் கல்லும் வெண்கலமும்தான் கனவு. ஆசிரியர் உளியைத் தொடவே விடவில்லை. வகுப்பை மாற்றிவிடட்டுமா?
– ஒரு வாசகி, மும்பை

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம், சகோதரி. ஞாயிறு மட்டும் என்றால் மொத்தமே பன்னிரண்டு, பதின்மூன்று நாள்தான் ஆகியிருக்கும். ஒரு தலைக்கு அது அதிகமே இல்லை.

அடுத்த வகுப்பில் அந்தத் தலைக்குப் பின்னால் போய் நில்லுங்கள். புதிதாகச் செய்கிறவர்களின் தலை முன்னால் மூக்கும் முழியுமாக இருக்கும்; பின்னால் போனால் தோசைக்கல் மாதிரி தட்டை. கண்ணையும் அளந்து பாருங்கள். உச்சியிலிருந்து தாடை வரை எடுத்தால் கண் ஏறக்குறைய நடுவில் வரவேண்டும். நாம் ஆளைப் பார்க்கும்போது முகத்தோடு நின்றுவிடுவதால், கண்ணை மேலே ஏற்றி வைத்துவிடுவோம். அப்புறம் மண்டைக்கு இடமே இருக்காது. நம் ஸ்தபதிகள் முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று வைத்து, அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பிரித்து முழு உருவத்தையும் அளப்பார்கள். (இது ஸ்கேலில் உள்ள அங்குலம் இல்லை. சிலையின் உயரத்தோடு மாறும்.)

களிமண்ணில் தப்பு வந்தால் அப்பலாம், வழிக்கலாம். கல்லில் மூக்கு போனால் போனதுதான். கை அரித்தால் குளியல் சோப்பில் செதுக்கிப் பாருங்கள், பிறகு மாக்கல்லுக்குப் போகலாம். மாக்கல் நகம் பட்டாலே கீறல் விழுகிற அளவுக்கு மிருது. எந்தக் கல்லானாலும் நனைத்துக்கொண்டு, முகக்கவசம் போட்டு வேலை செய்யுங்கள். கல்தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வெண்கலத்துக்கு உலை வேண்டும், அதை ஃபிளாட்டில் வைக்க முடியாது. சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண் பூசி, சூடாக்கி மெழுகை ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகில் வராத மூக்கு வெண்கலத்தில் வந்துவிடாது. ஆக அங்கேயும் முதல் வேலை உங்கள் களிமண் வேலை மாதிரிதான்.

ஆனால் வார்ப்பை இப்போதே தொடலாம். இந்தத் தலையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் எடுத்துத் தரச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். களிமண் தலைமேல் பிளாஸ்டரைப் பூசித்தான் அச்சு எடுப்பார்கள். முதல் பூச்சில் துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம் கலப்பார்கள், அதன்மேல் வெள்ளையாகக் கனமாக ஒரு பூச்சு. இறுகியதும் அச்சை இரண்டாகப் பிரித்து, களிமண்ணை வாரியெடுத்து, உள்ளே சோப்புக் கரைசல் தடவிச் சேர்த்துக் கட்டி, பிளாஸ்டர் ஊற்றுவார்கள். பிறகு வெளி ஓட்டைச் சின்ன உளியால் தட்டித் தட்டி உடைக்க வேண்டும். நீலம் தெரிந்தால் கை தானாக மெதுவாகும், அதற்கு அடுத்தது உங்கள் சிற்பம். பார்த்தீர்களா, உளியும் கைக்கு வந்துவிட்டது! மிச்சப் பிளாஸ்டரை மட்டும் பாத்ரூமில் கொட்டாதீர்கள். அது தண்ணீருக்குள்ளேயும் இறுகும் என்பதை நான் பிளம்பருக்குக் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் பழக மண் வேண்டுமா? தாராவி கும்பார்வாடாவில் குயவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கணபதிக்கு முந்தைய வாரங்களில் லால்பாக், பரேல் பிள்ளையார் சிலைப் பட்டறைகளில் அரைமணி நேரம் நின்று வேடிக்கை பாருங்கள். திங்கள் தவிர ஒரு நாள் எலிபெண்டா தீவுக் குகைக்கோயிலுக்குப் படகு ஏறுங்கள். இருபதடி உயர மும்முகச் சிவனின் நடு முகத்தில் அந்தக் கீழுதட்டை மட்டும் பத்து நிமிஷம் பார்க்கலாம். பின்னந்தலையைத் தேடாதீர்கள், அது பாறையோடு பாறையாக இருக்கிறது. உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது!

இந்த மூன்று மாதத்தில் ஆசிரியர் உங்களை ஒருமுறைகூடத் தலையைச் சுற்றிவந்து பார்க்கச் சொல்லவில்லை என்றால், சரி, வேறு வகுப்பு தேடுங்கள். அடுத்த கடிதத்தோடு ஒரு போட்டோ அனுப்புங்கள், பின்பக்கமாக எடுத்தது.