கோழி கேசரோல்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

விடுமுறைக்கு வீடு நிறைய ஆள் வரப்போகிறார்கள், அடுப்படியிலேயே நின்றுகொண்டிருக்காமல் ஒரே தட்டை ஓவனுக்குள் தள்ளிவிட்டு நாமும் போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்பவர்களுக்காகக் கேசரோல்: கோழி, பாஸ்தா, சாஸ் எல்லாம் ஒரே தட்டில் கலந்து ஓவனில் வேகிற சாப்பாடு. நான் பதினெட்டு வருடமாகச் சமைத்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவள். கோழி, ஓவன், அளவு பற்றிக் கேளுங்கள். உடம்பு இளைப்பது பற்றி என்னிடம் கேட்காதீர்கள், என்னைப் பார்த்தால் கேட்க மாட்டீர்கள்.

கேள்வி: எட்டுப் பேருக்குச் சொதப்பாத மாதிரி ஒரு முறை சொல்லுங்கள் அக்கா. ஓவனை இதுவரை கேக்குக்கு மட்டும்தான் தொட்டிருக்கிறேன்.

எலும்பில்லாத தொடைக்கறி 1 கிலோ. மூழ்கும் அளவு தண்ணீரில் உப்புப் போட்டு, தளதளவென்று இல்லாமல் மெல்லக் கொதிக்கும்படி 15 முதல் 20 நிமிடம் வேகவிட்டுப் பிய்த்து வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், ருசியெல்லாம் அதில்தான் இருக்கிறது. அடுத்து வெள்ளை சாஸ்: 75 கிராம் வெண்ணெயை உருக்கி, 75 கிராம் மைதாவைப் போட்டு, பச்சை வாசம் போகும் வரை இரண்டு நிமிடம் சிறு தீயில் கிளறுங்கள். 750 மில்லி பாலையும் கோழி வெந்த தண்ணீரில் 250 மில்லியையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்தால் கட்டி தட்டாது. கரண்டியின் முதுகில் ஒட்டி, விரலால் கோடு போட்டால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம்.

பாஸ்தா 300 கிராம். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள், மீதி ஓவனுக்குள் வெந்துகொள்ளும். காய் இரண்டு கை, உப்பு, மிளகு. எல்லாவற்றையும் கலந்து 9-க்கு 13 அங்குலத் தட்டில் பரப்பி, ஃபாயிலால் இறுக மூடி 180 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம். அப்புறம் ஃபாயிலை எடுத்துவிட்டு, 150 கிராம் சீஸும் வெண்ணெயில் புரட்டிய பிரெட் தூளும் மேலே தூவி இன்னும் 15 நிமிடம். வெளியே எடுத்ததும் கரண்டியைப் போடாதீர்கள். பத்து நிமிடம் விட்டால்தான் சாஸ் இறுகும், இல்லாவிட்டால் தட்டில் குளம் கட்டி நிற்கும்.

நடுவில் தெர்மாமீட்டர் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். இதை இன்று பல தடவை சொல்லப்போகிறேன்.

கேள்வி: நெஞ்சுக்கறிதான் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை. ஆனால் முதல் வேக்காட்டில் 74-ஐத் தொட்டதும் எடுத்துவிடுங்கள், இரண்டாவது சூட்டில் அது நார் நாராகக் காயும். தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம், கூடுதலாக வெந்தாலும் மன்னித்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கேசரோல் மூடியோடு இருக்கிறது, உள்ளே ஸ்டீல், வெளியே பிளாஸ்டிக். அதையே ஓவனில் வைக்கலாமா?

ஐயோ, வேண்டாம்! அது சூடு ஆறாமல் வைக்கிற டப்பா, ஓவனில் வைத்தால் உருகிவிடும். பேர் ஒன்றுதான், பொருள் வேறு. ஓவனுக்கான கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகத் தட்டு வேண்டும்.

கேள்வி: போன தடவை செய்தபோது அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. ஏன்?

உறைந்த காயை அப்படியே போட்டீர்கள், சரிதானே? கேசரோல் கெடுகிற இடமே இந்தத் தண்ணீர்க் கணக்குதான். உறைந்த காயை முன்பே வெளியே எடுத்து, பனி விட்டதும் துணியில் கட்டிப் பிழியுங்கள், ஒரு கிண்ணம் தண்ணீர் வரும். காளானைத் தனியாக வதக்கிச் சேர்க்க வேண்டும். சாஸைப் பாலாகவே ஓட விட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: முந்தின நாளே செய்து வைக்கலாமா?

வைக்கலாம். வெந்த கோழியும் சாஸும் நன்றாக ஆறியதும் கலந்து, மூடி, ஃப்ரிட்ஜில். ஆறட்டும் என்று மேசையிலேயே மறந்துவிடக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். சீஸும் தூளும் மறுநாள் மேலே. குளிர்ந்த தட்டு என்பதால் 15, 20 நிமிடம் கூடுதலாகும். குத்திப் பாருங்கள், 74.

கேள்வி: கோழியை எத்தனை தடவை கழுவ வேண்டும், அக்கா?

ஒரு தடவையும் வேண்டாம்.

கேள்வி: என்னது? கழுவாமலா? எங்கள் அம்மா நாற்பது வருடமாகக் கழுவித்தான் சமைக்கிறார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சரி, இது வரும் என்று தெரியும். நானும் கழுவிக் கழுவி வளர்ந்தவள்தான். பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற கிருமிகள் இருக்கக்கூடும். குழாய்த் தண்ணீர் அவற்றைக் கொல்லாது, தெறித்துப் பரப்பும். கொல்வது சூடு. ஒரு நாள் எனக்கே சந்தேகம் வந்து, ஒரு துண்டுக் கோழியில் சிவப்புக் கலர் தடவி, சிங்க்கைச் சுற்றி வெள்ளைத் தாள் பரப்பிக் குழாயைத் திறந்தேன். தாளெல்லாம் சிவப்புப் பொட்டு, கவிழ்த்து வைத்த தம்ளர்கள் மேல் பொட்டு, என் சட்டைக் கையிலும் பொட்டு. அன்றோடு விட்டேன். அம்மா வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால், அம்மா நன்றாக வேக வைத்தார் என்று அர்த்தம்.

கேள்வி: ரத்தமும் பிசுக்கும் எலும்புத் தூளும் இருந்தால்? அதையும் தின்ன வேண்டுமா?

பேப்பர் டவலால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: எலுமிச்சையிலோ வினிகரிலோ கழுவினால் கிருமி செத்துவிடுமே?

சாகாது. வாசம் குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: நீங்கள் சொல்வது அருவருப்பாக இருக்கிறது. கழுவாத வீட்டில் நான் சாப்பிட மாட்டேன்.

அப்படியானால் கேட்காமல் சாப்பிடுங்கள். மனசு ஒப்பவில்லை என்பவர்களுக்கு ஒரு சமரசம்: குழாயடியில் பிடிக்காதீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள்ளேயே மெதுவாக அலசி, சிங்க்கில் வேறு எதுவும் இல்லாமல் தாழ்வாகச் சாய்த்துக் கொட்டுங்கள். பிறகு சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையை 20 விநாடியாவது. கழுவ வேண்டியது கோழியை அல்ல, உங்கள் கையை. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச மாட்டேன்.

கேள்வி: காலையிலேயே கலந்து வைத்துச் சாயங்காலம் பேக் செய்யலாமா?

மேலே சொன்னேன். ஃப்ரிட்ஜில்.

கேள்வி: இரண்டு நாள் முன்னால்?

ஒரு நாளே போதும், பாஸ்தா சாஸைக் குடித்துக் குழைந்துவிடும். அவ்வளவு முன்னால் என்றால் ஃப்ரீசரில் வைத்து, சாப்பிடுவதற்கு முந்தின நாள் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். கண்ணாடித் தட்டை ஃப்ரீசரிலிருந்து நேராகச் சூடான ஓவனுக்குள் வைக்காதீர்கள், வெடிக்கும். எனக்கு வெடித்திருக்கிறது, சீஸில் கண்ணாடிச் சில்லு பொறுக்குவது நல்ல பொழுதுபோக்கு இல்லை.

கேள்வி: வெந்ததா என்று சாறு சிவப்பாக இல்லாததை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்தானே?

இல்லை. எலும்பருகே முழுசாக வெந்த கறியும் இளஞ்சிவப்பாக இருக்கும், வேகாததும் வெளுத்திருக்கும். தெர்மாமீட்டர்.

கேள்வி: பாஸ்தாவுக்குப் பதில் வேகவைக்காத அரிசி போடலாமா?

போடலாம், ஆனால் கணக்கே மாறும். அரிசி ஒரு பங்கு, திரவம் இரண்டு பங்கு, சாஸையும் அதில் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஃபாயில் இம்மிகூடத் திறக்காமல் 50 நிமிடமாவது. முதல் தடவை செய்பவர் விருந்தன்று இதில் இறங்க வேண்டாம், வடித்த சோற்றைக் கலந்துவிடுங்கள்.

கேள்வி: துருவிய சீஸ் பாக்கெட் வாங்கினேன், சரியாக உருகவில்லை.

ஒட்டாமல் இருக்க அதில் மாவு தூவியிருப்பார்கள். கட்டியாக வாங்கித் துருவுங்கள்.

கேள்வி: முன்கூட்டியே...

செய்யலாம்.

கேள்வி: அக்கா, இப்போது ஓவனில் இருக்கிறது. ஓரமெல்லாம் கொதிக்கிறது, மேலே பொன்னிறம், ஆனால் நடுவில் 58தான் காட்டுகிறது. எல்லாரும் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

உட்காரட்டும். மேலே ஃபாயிலை லேசாகப் போர்த்துங்கள், சீஸ் கருகாது. இன்னும் பத்து நிமிடம். நடுவில் கதவைத் திறந்து பார்க்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடு இறங்கும். பத்து நிமிடம் கழித்து எவ்வளவு காட்டியது என்று எனக்குச் சொல்லுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.