செடிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

எஸ்.பி.எம். என்ற மலேசியப் பள்ளி இறுதித் தேர்வை முடித்த உங்கள் மகள் மருத்துவம் வேண்டாம், பயிர் உயிர்த்தொழில்நுட்பம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், தோட்டத்து வெயிலிலிருந்து உங்கள் பெற்றோர் உங்களைக் கரையேற்றியது பேத்தி மறுபடியும் மண்ணுக்குப் போவதற்காகவா என்று தூக்கமின்றித் தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தத் தவிப்பு நியாயமானது. பினாங்கில் என்னிடம் வரும் பெற்றோர் பலரிடமும் அதைக் கண்டிருக்கிறேன். ஆனாலும் அவள் விரும்புவது எந்த வேலை என்பதை முதலில் பார்ப்போம்.

ஒரு மரபணு என்ன செய்கிறது என்பது அதன் டி.என்.ஏ. வரிசையைப் படித்தால் மட்டும் விளங்கிவிடாது. ஆகவே அதை, பெரும்பாலும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவின் துணையோடு நெல்லுக்குள் செலுத்தி, விளைச்சலோ வறட்சி தாங்கும் திறனோ கூடியிருக்கிறதா என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். 1998இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் தொடங்கிய கிராப்டிசைன் நிறுவனம், நெற்செடிகளைப் படமெடுத்துக் கணினியால் அளந்து, இத்தேடலைப் பெரிய அளவில் நடத்தியது. 2006இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் என்ற வேதிப்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. புகுத்திய மரபணு செடியின் டி.என்.ஏ.வில் எந்த இடத்தில் போய் அமரும் என்பது நம் கையில் இல்லாததால், ஒரே மரபணுவுக்குப் பல தனித்தனிச் செடிகளை உருவாக்கி, அதே தாய்ச்செடியின் விதையில் முளைத்தும் அந்த மரபணுவைப் பெறாத உடன்பிறப்புச் செடிகளோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட வேண்டும். பசுமைக்குடிலில் ஒரு தொட்டிக்குச் சற்றுக் கூடுதல் வெளிச்சம் கிடைத்தாலே செடி செழித்து வளர்ந்து நம்மை ஏமாற்றிவிடும். உண்மை எது, தற்செயல் எது என்று பிரித்துக் காட்டுவது புள்ளியியல். மாணவர்கள் அஞ்சி ஒதுக்கும் அந்தப் பாடமே இத்துறையின் உயிர்நாடி. அதை மகள் விடாமல் படிக்கட்டும்.

இங்கேயே வழியும் உண்டு. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகமும் மார்டி என்ற வேளாண் ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன. செம்பனை என்ற எண்ணெய்ப் பனையின் மரபுத்தொகுதியை, அதாவது அதன் முழு டி.என்.ஏ. வரிசையை, 2013இல் வெளியிட்டது நம் மலேசியச் செம்பனை வாரியம். 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய ஆய்வுகளை ஒழுங்குபடுத்துவதால், அச்சட்டத்தை அறிந்தவர்களுக்கும் வேலை உண்டு. ஆனால் ஆய்வுப் பணியிடங்கள் மருத்துவமனைப் பணியிடங்களைப் போல ஊருக்கு ஊர் இருப்பதில்லை. முதுகலைப் பட்டம் வரை படிக்கவைக்கும் எண்ணத்தோடுதான் இதில் இறங்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். இருபது தொட்டிகளில் பச்சைப்பயறு விதைத்து, பாதிக்கு நீரைக் குறைத்து, ஒரு மாதம் நாள்தோறும் உயரத்தையும் இலைகளையும் அளந்து எழுதட்டும். அந்த நோட்டுப் புத்தகத்தோடு இருவரும் வாருங்கள். விண்ணப்பப் படிவத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.