கல்வியறிவு கூடினால் தடுப்பூசித் தயக்கம் குறையுமா?

"படிப்பறிவு குறைந்த மாவட்டங்களில்தான் தடுப்பூசிக்குத் தயங்குகிறார்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களைத் தேடி வந்ததில் ஆச்சரியம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே கல்வியறிவில் கடைசி இடம் தருமபுரிக்குத்தான், 68.5 சதவீதம். மாநிலத்துக்கு 80. நான் பென்னாகரம் வட்டத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் ஊசி வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள், பி.எஸ்சி., பி.எட். படித்த நானேதான்.

என் மகன் 2013இல் பிறந்தான். 14ஆவது வாரம் போடும் மூன்றாவது ஊசிக்குப் பிறகு தொடை வீங்கி, ராத்திரி முழுக்கக் காய்ச்சல், ஓயாத அழுகை. ஊசி போட்ட இடத்தில் யாரும் "காய்ச்சல் வரும், பயப்படாதே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டம், டோக்கன், அடுத்த ஆள். நான் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். ஆங்கிலம் படிக்கத் தெரிந்ததால் வந்த வினை. இரண்டு மணி நேரத்தில் உலகத்தில் உள்ள அத்தனை பயமும் என் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற கதைகளையும் அன்றைக்குத்தான் படித்தேன். அதற்கு மூலமான 1998ஆம் வருடக் கட்டுரை 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதியது, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த ராத்திரியில் தெரியவில்லை.

16 மாதத்தில் போட வேண்டிய பூஸ்டரை "சளி இருக்கு", "ஊருக்குப் போறோம்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மூன்று மாதம் ஓடியது. கண்டுபிடித்தது என் மாமியார். பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்து, "என்ன கண்ணு, இந்தக் கட்டம் காலியா இருக்கு?" என்றார். எழுத்துத்தான் தெரியாது, காலிக் கட்டம் தெரியும். நான் பின்விளைவு, ஆராய்ச்சி என்று ஏதோ சொன்னேன். அத்தை கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் தம்பிக்கு இளம்பிள்ளை வாதம். எட்டு வயசு வரைக்கும் நான்தான் இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சேன். காய்ச்சல் ரெண்டு நாள்ல போயிடும். அவன் கால் வரவே இல்ல." அந்தப் புதன்கிழமையே துணை சுகாதார நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார், நான் பின்னாலேயே போனேன். அவர் சொன்னது போலியோ, நான் பயந்தது வேறு ஊசிக்கு. ஆனாலும் அன்றைக்கு வாதம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் தலைமுறை தொண்டை அடைப்பானையும் கக்குவான் இருமலையும் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறது. இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். நோய் கண்ணைவிட்டு மறைந்த பிறகு ஊசியின் வீக்கம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்தது 2017. தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி, 9 மாதம் முதல் 15 வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று பிப்ரவரியில் முகாம் தொடங்கியது. பள்ளிகளிலேயே போட்டார்கள். இந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்த மாதம் மறக்காது. வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு, பிறகு இன்னொன்று. "இந்த ஊசி போட்டா பிற்காலத்துல பிள்ளை பிறக்காது", "எங்கேயோ பசங்க மயங்கி விழுந்துட்டாங்க". எங்கள் பள்ளியில் குறித்த தேதியில் பாதி வகுப்பு காலி. வராதவர்களில் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் உண்டு, ஆனால் முதலில் நிறுத்தியது ஸ்மார்ட்போன் வைத்திருந்த, ஐ.டி.ஐ., டிப்ளமா படித்த அப்பாக்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து நிறுத்தினார்கள். "அவரே படிச்சவரு, அவரே வேணாங்கறாரு" என்று ஒரு அம்மா என்னிடமே சொன்னார்.

நான் அப்போது செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீளமாக ஒரு பதிவு எழுதி, வதந்தி ஒவ்வொன்றையும் குறிப்பிட்டு "இது பொய், இது பொய்" என்று பெற்றோர் குழுவில் போட்டேன். அதுவரை அந்த வதந்தியைக் கேள்விப்படாதவர்களும் என் புண்ணியத்தில் கேள்விப்பட்டார்கள். "டீச்சருக்கு மேலிடத்துல இருந்து பிரஷர்" என்று ஒருவர் பதில் போட்டார். அமெரிக்காவில் 1,759 பெற்றோர்களை வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. சரியான தகவலைக் கொடுத்ததும் தவறான நம்பிக்கை குறைந்தது, ஆனால் ஏற்கெனவே ஊசிமேல் வெறுப்பாக இருந்தவர்களுக்கு, இனி ஊசி போடும் எண்ணம் இன்னும் குறைந்துபோனது. அதைப் படித்தபோது என் வாட்ஸ்அப் பதிவுதான் ஞாபகம் வந்தது.

வேலை செய்தது வேறு. எங்கள் கிராம சுகாதார செவிலியர், ஊரில் எல்லோருக்கும் நர்சம்மா, "எல்லாரையும் ஒரு சாயந்திரம் கூப்பிடுங்க டீச்சர், நான் பேசல, அவங்க பேசட்டும்" என்றார். பள்ளி மரத்தடியில் உட்கார்ந்தோம். ஒரு லாரி டிரைவர் எழுந்து கேட்டார்: "ஒம்போதாவது மாசமே தட்டம்மை ஊசி போட்டாச்சு. மறுபடி எதுக்கு? எங்க பசங்கதான் சோதனைக்குக் கிடைச்சாங்களா?"

நல்ல கேள்வி இல்லையா? அரசு அனுப்பிய சுற்றறிக்கையில் "தவறாமல் போட்டுக்கொள்ளவும்" என்று இருந்ததே தவிர, இதற்குப் பதில் இல்லை. நர்சம்மா சொன்னார். ஒன்பது மாதத்தில் போடுவது நூறு பிள்ளையில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும். மீதிப் பதினைந்து பேர் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போவார்கள். தட்டம்மை வந்த ஒரு பிள்ளை, ஊசி போடாத கூட்டத்தில் பன்னிரண்டு முதல் பதினெட்டு பேருக்குக் கொடுத்துவிடும். அப்புறம் ருபெல்லா. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அது தாயைத் தொற்றினால் குழந்தை காது கேளாமல், கண்புரையோடு, இதயக் கோளாறோடு பிறக்கலாம். "உங்க பொண்ணு நாளைக்குப் பெத்துக்கப் போற பிள்ளைக்காகத்தான் இன்னைக்கு இந்த ஊசி" என்றார். பிள்ளை பிறக்காது என்று பரவிய ஊசிக்கு உண்மையான காரணம் பிறக்கப்போகும் பிள்ளை! அதைக் கேட்டதும் அம்மாக்கள் பக்கம் ஒரு சலசலப்பு.

ஒரு பெரியவர் இன்னொன்றை எடுத்தார். "திருவள்ளூர்ல தட்டம்மை ஊசி போட்டு நாலு கொழந்தை போச்சே?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2008இல் நடந்தது அது. நர்சம்மா மழுப்புவார் என்று நினைத்தேன். "ஆமாங்க ஐயா, நடந்துச்சு" என்றார். அதற்கப்புறம் சில காலம் ஊருக்குள் வந்து ஊசி போடுவதையே நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லிப் போட்டதையும் அவரே சொன்னார். பிறகு ஒரு மருந்துக் குப்பியை எடுத்துக் காட்டினார். அதன்மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுத்திருந்தால் மருந்து சூடுபடவில்லை, வட்டத்தின் அளவுக்குக் கறுத்துவிட்டாலே தூக்கிப் போட வேண்டும். மருந்தைக் கலக்கினால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு தடவை அழுத்தினால் மறுபடி இழுக்கவே முடியாத சிரிஞ்ச். போட்ட பிறகு அரை மணி நேரம் பிள்ளை அங்கேயே இருக்க வேண்டும். "நீங்களே வந்து நின்னு பாருங்க" என்றார். டிரைவர் மறுநாள் வந்து, குப்பியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மகனுக்கு அப்போது நான்கு வயது, வரிசையில் அவனைத்தான் முதலில் நிறுத்தினேன். பிள்ளைகள் மயங்கியதில் பாதி பயத்தாலும் வெறும் வயிற்றாலும்தான் என்பது நர்சம்மாவின் கருத்து. அதனால் எல்லோருக்கும் சாப்பாடு போட்ட பிறகுதான் ஊசி. எங்கள் பள்ளியில் யாரும் மயங்கவில்லை, ஒரு வாத்தியாரைத் தவிர. அவர் ஊசியே போட்டுக்கொள்ளவில்லை, பார்த்ததோடு சரி.

படிப்பை மட்டும் பேசினால் விட்டுப்போகும் விஷயங்களும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, அஞ்செட்டி பக்கம் வேலை பார்க்கும் தோழி சொல்வாள், பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான் பேச்சு, நோட்டீஸ் வருவது தமிழில். அந்த அம்மாக்களைத் தயங்குகிறவர்கள் என்று கணக்கெழுதுவது அநியாயம். எமர்ஜென்சி காலத்தில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் பிடித்ததைப் பார்த்த தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசாங்கம் இலவசமாக வீடு தேடி வந்தால் அவர்களுக்குச் சந்தேகம் வருவதில் என்ன தப்பு? கொரோனா சமயத்தில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பு வந்து, அதற்கு மறுநாள், 2021 ஏப்ரல் 17 அன்று இறந்துபோனார். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பிற்பாடு ஆய்வுக்குழு சொன்னது. ஆனால் அந்த வாரமே எங்கள் ஊர் முகாமில் ஆள் இல்லை. திரும்ப வரவழைத்தது எந்தப் பிரச்சாரமும் இல்லை. மே மாதச் சாவுகளும், வேலைக்குப் போகிற இடத்தில் கேட்ட சர்ட்டிபிகேட்டும்.

சரி, அப்படியானால் கல்வியால் பயனே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. பட்டத்தில் அதைத் தேடாதீர்கள் என்கிறேன். என்னிடம் எட்டாவது வரை படித்த ஒரு பெண், பத்தாவது முடித்ததும் படிப்பை நிறுத்திவிட்டார்கள், சில வருடத்தில் கல்யாணமும் ஆகிவிட்டது. (இந்த மாவட்டத்தில் இது புதுக்கதை இல்லை, அதைப் பற்றித் தனியாகக் கோபப்பட வேண்டும்.) குழந்தை பிறந்து ஒன்றரை மாதத்தில் போன் செய்தாள். "டீச்சர், பென்டாவேலன்ட்னு போட்டிருக்கு, அஞ்சு நோய்க்குன்னு சொல்றாங்க. ஒரே ஊசியில அஞ்சா? குழந்தை தாங்குமா?" நான் பதில் சொல்லவில்லை. "அங்கேயே நர்சம்மாகிட்ட கேளு" என்றேன். "கேட்டா திட்டுவாங்களா?" "திட்டினா எனக்கு மறுபடி போன் பண்ணு." கேட்டிருக்கிறாள், திட்டவில்லை. காய்ச்சல் வரும், பாரசிட்டமால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டு வந்திருக்கிறாள். பி.எட். படித்த எனக்கு 2013இல் அது தோன்றவே இல்லை.

அவள் வீட்டுக்காரர் கட்டிட வேலை. போன வருடம் குடும்பத்தோடு பெங்களூரு போய்விட்டார்கள். இங்கிருந்து போகிற குழந்தைகளுக்கு ஊசி பாதியில் விட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். ஒருநாள் வாட்ஸ்அப்பில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. தாய் சேய் நல அட்டை, நான்கைந்து மடிப்பு விழுந்தது. அங்குள்ள நர்சுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதாம். இவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து, தேதியைப் படித்துக் காட்டியிருக்கிறாள். கடைசிக் கட்டத்தில் தேதி கன்னட எண்ணில் எழுதியிருந்தது.