எண்ணெய்க்கு முந்திய மை

கேள்வி: வளைகுடாவில் பல ஆண்டுகளாக ஆங்கில நாளிதழ்களைப் படித்துவருகிறேன். ஆட்சியாளர் படமும் விளம்பரமும்தான் மிஞ்சுகின்றன. எண்ணெய்ப் பணத்தில் முளைத்த அரபுலகப் பத்திரிகைகளிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?
— வாசகர், ஷார்ஜா

பதில்: எண்ணெய்ப் பணத்தில் முளைத்தவை என்று நீங்கள் எழுதியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சவூதி அரேபியாவின் தம்மாமில் ஏழாம் எண் கிணற்றில் எண்ணெய் பீறிட்டது 1938இல். அதற்கு ஏறத்தாழ 110 ஆண்டுகளுக்கு முன்பே, 1828 டிசம்பரில், எகிப்தை ஆண்ட முகம்மது அலியின் அரசிதழான 'அல் வகாயி அல் மிஸ்ரிய்யா' அங்கே துருக்கி மொழியிலும் அரபியிலும் வெளிவந்துவிட்டது. பெய்ரூத்தில் கலீல் அல் கூரி 1858இல் தனியார் இதழ் தொடங்கினார். லெபனானிலிருந்து வந்த சலீம் தக்லா, பிஷாரா தக்லா சகோதரர்கள் 1876இல் அலெக்சாந்திரியாவில் வார இதழாக வெளியிட்ட 'அல் அஹ்ராம்' 1881இல் நாளிதழாயிற்று, இன்றும் வருகிறது.

அதே அலெக்சாந்திரியாவில் 1880இல் ஆங்கிலேயர் சிலர் 'எஜிப்ஷியன் கெஜட்' இதழைத் தொடங்கினர். அவர்களில் ஒருவரான மோபர்லி பெல், லண்டன் 'டைம்ஸ்' இதழின் எகிப்து நிருபர். பின்னாளில் அந்த இதழின் மேலாளரே ஆனவர். ஒரே துறைமுக நகரில் நான்கு ஆண்டு இடைவெளியில் பிறந்த இந்த இரண்டு இதழ்களையும் யார் வாங்கினார்கள் என்று பார்த்தால் பாதி வரலாறு விளங்கிவிடும். ஆங்கில இதழ் வெளியிலிருந்து வந்து வணிகமும் நிர்வாகமும் செய்தவர்களுக்கானது. அரபு இதழோ அந்த மண்ணிலேயே வாழ்ந்து மடியப்போகிறவர்களுக்கானது.

1882இல் பிரிட்டிஷ் படை எகிப்தைக் கைப்பற்றியபின், எதிர்த்து நின்ற ஒராபி பாஷா இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார். அவரை வரவேற்றவர்களில் ஒருவர் இலங்கை முஸ்லிம் அறிஞர் சித்திலெப்பை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் இதழைத் தொடங்கியிருந்தார். எகிப்தியப் போராட்டத்தின் எதிரொலி தமிழ் அச்சில் அன்றே ஒலித்தும், நம் இதழியல் வரலாற்று நூல்களில் பெரும்பாலானவை அந்த இதழுக்கு ஒரு பத்திகூட ஒதுக்குவதில்லை. இதை நான் இந்தப் பக்கத்தில் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

ஆங்கிலத்தை ஆள்வோருக்கு எதிராகவே கையாண்டவர் எகிப்தியத் தேசியவாதி முஸ்தஃபா காமில். 1906 ஜூனில் தின்ஷவாய் கிராமத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் புறாச் சுடப் போனார்கள், ஊராரோடு கைகலப்பாயிற்று, ஓர் அதிகாரி இறந்தார். சிறப்பு நீதிமன்றம் அமைத்து, கிராமத்தார் நால்வரை அந்த மண்ணிலேயே தூக்கிலிட்டார்கள். அரபியில் 'அல் லிவா' நாளிதழை நடத்திவந்த காமில், தம் மக்களிடம் மட்டும் முறையிட்டால் போதாது என்று உணர்ந்து, அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் 'தி எஜிப்ஷியன் ஸ்டாண்டர்ட்' இதழையும் பிரெஞ்சில் ஓர் இதழையும் தொடங்கினார். 1908 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது வயது 33.

நீங்கள் படிக்கும் இதழ்கள் இந்த வம்சத்தின் கடைசிப் பிள்ளைகள். 'குவைத் டைம்ஸ்' 1961இலும், ஜித்தாவின் 'அரப் நியூஸ்' 1975இலும், 'கலீஜ் டைம்ஸ்', 'கல்ஃப் நியூஸ்' இரண்டும் 1978இலும் வந்தவை. வேலை தேடி வந்த இந்தியரும் பாகிஸ்தானியரும் பிலிப்பினோக்களும் விசா விதியும் தங்க விலையும் கிரிக்கெட் முடிவும் அறிய வேண்டியிருந்தது. அவை அந்தத் தேவையை நிறைவேற்றின. குடியுரிமையற்ற வாசகனுக்காக அரசியலைத் துருவ அவை துணியவில்லை; பத்திரிகைச் சட்டமும் இடங்கொடுக்கவில்லை.

உங்கள் கூற்றில் உண்மை இருக்கும் இடம் வேறு. கமில் முரூவ்வா பெய்ரூத்தில் 1946இல் 'அல் ஹயாத்' என்ற அரபு நாளிதழையும் 1952இல் 'தி டெய்லி ஸ்டார்' என்ற ஆங்கில நாளிதழையும் தொடங்கியவர். எகிப்து அதிபர் நாசரைக் கடுமையாக விமர்சித்துவந்த அவரை 1966 மே 16 அன்று அவருடைய அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். லெபனான் உள்நாட்டுப் போரில் நின்றுபோன 'அல் ஹயாத்' 1988இல் லண்டனில் மறுபடி உயிர்பெற்றது. சில ஆண்டுகளில் ஒரு சவூதி இளவரசரின் உடைமையாயிற்று. எண்ணெய்ப் பணம் அரபு இதழியலைப் பெற்றெடுக்கவில்லை. குருதி சிந்தி வளர்ந்த ஒன்றை விலைக்கு வாங்கியது.