புல்லைப் படித்தால் சோறு கிடைக்குமா? பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதிய தாய்க்கு

அம்மா, வணக்கம். "காலமெல்லாம் லாலான் புல்லுக்கு மருந்தடித்தவள் நான். என் மகள் காட்டுப் புல்லின் குரோமோசோமைப் படிக்கப் போகிறேன் என்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கோபமும் சிரிப்பும் கலந்த அந்த வரியை ரசித்தேன்.

உங்கள் வீட்டு மாடுகளுக்குப் போடும் தீவனப்புல்லையே எடுத்துக்கொள்வோம். செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளே குரோமோசோம்கள். கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியர் புல்லுக்கு 28. பிள்ளைக்குப் பெற்றோரிடமிருந்து பாதி பாதிதான் வரும். இரண்டையும் கலந்து உண்டாக்கிய புல்லுக்கு ஒன்றிலிருந்து 7, மற்றொன்றிலிருந்து 14, ஆக 21. மகரந்தம் உருவாகும்போது குரோமோசோம்கள் இணை சேர வேண்டும். இதிலோ பெரும்பாலும் ஏழு இணைகள் சேரும். மீதி ஏழும் துணையின்றி நிற்கும். அதனால்தான் இந்தக் கலப்புப்புல் விதை கட்டுவதில்லை, கரணை வெட்டி நடுகிறோம். இணை சேர்வதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே நேப்பியரின் ஒரு பாதி கம்புக்கு நெருங்கிய உறவு என்று கண்டுகொண்டார்கள். குரோமோசோம் இரட்டித்துவிட்டால் மலடும் நீங்கும். ரொட்டிக் கோதுமையின் 42 குரோமோசோம்கள் மூன்று காட்டுப் புற்களிலிருந்து அப்படிச் சேர்ந்தவைதாம்.

பக்கத்துத் தஞ்சோங் காராங் நெல்வயல்களில் பாடி ஆங்கின் என்ற களைநெல் படுத்தும் பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பயிர்நெல்லும் சில இடங்களில் காட்டுநெல்லும் கலந்து வந்த களை அது. களைமருந்தைத் தாங்கும் நெல்லை மலேசிய விவசாய ஆராய்ச்சி நிறுவனமான மார்டி 2010இல் வெளியிட்டது. பின்னர் பாடி ஆங்கினும் அந்த மருந்தைத் தாங்கத் தொடங்கிவிட்டது. எது எதனோடு கலக்கும் என்று தெரியாமல் மருந்தை மட்டும் நம்ப முடியாது என்பதை, தெளிப்பான் சுமந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலைக்கு வருவோம். 'புல் ஆய்வாளர் தேவை' என்று எந்த விளம்பரமும் வராது. பயிர் இனவிருத்தி என்ற பெயரில்தான் வரும்: மார்டி, செம்பனை (எண்ணெய்ப் பனை) வாரியம், பெரிய தோட்டக் கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவு. செம்பனையிலும் ஆப்பிரிக்க இனத்தோடு அமெரிக்க இனத்தைக் கலக்கிறார்கள். இடங்கள் குறைவு, ஆய்வாளர் வேலைக்கு முதுகலை வேண்டியிருக்கும், தொடக்கத்தில் ஒப்பந்த வேலையாகவும் இருக்கலாம். தாதிமைப் படிப்பைப் போல முடித்த கையோடு சம்பளம் என்று நான் ஆசை காட்டமாட்டேன்.

ஆகவே இளங்கலையிலேயே குறுகலான துறைக்குள் போக வேண்டாம். செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் விவசாய அறிவியல், அல்லது மலாயாப் பல்கலைக்கழகத்தில் மரபியல். புல் ஆசை முதுகலைவரை காத்திருக்கட்டும். அதற்குள் கரைந்துபோனாலும் நட்டமில்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பு கிடைத்தால் போகட்டும், இல்லையென்றால் ஆறாம் படிவம். ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு கடினம் என்று உறவினர்கள் பயமுறுத்துவார்கள். கடினம்தான்; ஆனால் செலவு குறைவு, உங்கள் வீட்டு நிலைக்கு அது சிறிய விஷயமில்லை.

அவளுடைய உயிரியல், வேதியியல் தேர்ச்சியை எழுதியிருக்கிறீர்கள். கணிதத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள். இனவிருத்தியில் பாதி வேலை புள்ளியியல். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடிவுச் சீட்டோடு அவளை அனுப்புங்கள். கூடுதல் கணிதத்தில் என்ன வாங்கினாள் என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுகிறேன்.