வசதியான கணினிகள் வந்த பிறகும் மூத்த நிரலாளர்கள் கறுப்புக் கட்டளைத் திரைக்கு ஏங்குவது ஏன்?

அந்த ஏக்கத்துக்குக் காரணம் உண்டு. 1990களில் மட்டக்களப்பில், வாவிக்கரையோரத்து வகுப்பு ஒன்றில் கட்டளைகளைத் தட்டச்சிட்டே இயக்கும் எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தைப் பழகியவன் நான். 80 எழுத்து அகலம், 25 வரிகள், மினுங்கும் ஒரு சிறு கோடு. நாம் தட்டச்சிடும்வரை அது பொறுமையாகக் காத்திருக்கும். இயங்குதளம், நிரல், கோப்பு எல்லாம் ஒரே நெகிழ்வட்டில் அடங்கியதால் கணினி முழுவதும் நம் தலைக்குள் இருந்தது. இழந்தது அந்தப் பிடிமானத்தைத்தான்.

கட்டளை வரி இன்னும் சாகவில்லை. 1973இல் யுனிக்ஸ் இயங்குதளத்தில் வந்த குழாய்முறை, ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும். யுனிக்ஸ் வழியில் அமைந்த லினக்ஸில் இன்றும் அது அப்படியே இயங்குகிறது. கல்முனையிலிருந்து தொலைதூரச் சேவையகங்களைப் பராமரிக்கும் என் மாணவிக்கு, இணைப்பு மெதுவான நாட்களிலும் கட்டளை வரியே கைகொடுக்கிறது. போய்வருவது எழுத்துகள் மட்டுமே அல்லவா?